வீட்டு மின் இணைப்பில் குறைபாடு என்று நோட்டீசு வந்தால்...

நம் உறுப்பினர்களில் பலருக்கு வீடும் கடையும் ஒரே கட்டடத்தில்தான். முன்னால் கடை, பின்னால் வீடு. அல்லது கீழே கடை, மாடியில் குடும்பம். இரண்டுக்கும் தனித்தனி சர்வீஸ் எண் இருக்கும். மீட்டர்கள் மட்டும் ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் வீட்டு இணைப்பில் குறைபாடு இருப்பதாகப் பிரிவு அலுவலகத்திலிருந்து நோட்டீசு வந்தால், யாரைப் பிடித்தால் காரியம் முடியும் என்றுதான் முதலில் யோசிக்கிறோம். அதற்கு முன்பு அந்தக் காகிதத்தை நிதானமாக இரண்டு முறை படித்துவிடுவது நல்லது. (2024 முதல் நிறுவனத்தின் பெயர் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். ஆனால் நமக்கு அது மின்வாரியம்தான். இக்கட்டுரையிலும் அப்படியே எழுதுகிறேன்.)

படிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வாரியத்திலிருந்து வரும் கடிதங்கள் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். பணம் கட்டாததற்கான நோட்டீசு ஒன்று. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 56இன்படி அதற்கு 15 நாள் அவகாசம் தர வேண்டும். அனுமதியில்லாத உபயோகம் என்று பிரிவு 126இன்கீழ் வரும் தற்காலிக மதிப்பீட்டு ஆணை இன்னொன்று. அது பண விவகாரம். நாம் இங்கே பேசுவது மூன்றாவது வகை: வயரிங்கில் லீக்கேஜ், எர்த் இல்லை, மீட்டர் முனை கருகியிருக்கிறது என்பது போன்ற பாதுகாப்புக் குறைபாடு. முதல் வகைக்குப் பணம் கட்டினால் தீரும். மூன்றாவது வகைக்கு எவ்வளவு பணம் கட்டினாலும் தீராது, வேலை செய்தால்தான் தீரும்.

யார் பக்கத்துக் குறை?

அடுத்துப் பார்க்க வேண்டியது இதுதான். கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர், வாரியத்தின் கட்-அவுட், மீட்டர் ஆகியவை வாரியத்தின் பொறுப்பு. நம்முடைய மெயின் சுவிட்சில் மின்சாரம் நுழையும் முனையிலிருந்து நம் பொறுப்பு ஆரம்பமாகிறது. மீட்டருக்கு முன்னால் வயர் கருகியிருந்தால் அதைச் சரிசெய்ய வேண்டியவர்கள் அவர்கள். நம் வயர்மேனைக் கூப்பிட்டு சீலை உடைத்து முறுக்கிவிடச் சொன்னால், நல்லெண்ணத்தில் செய்த வேலை மீட்டரில் கைவைத்த குற்றமாக மாறிவிடும். எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொண்டு, அவர்களையே வரவழைக்க வேண்டும்.

ஆனால் வாரியத்தின் பொருளாக இருந்தாலும், நம் இடத்தில் இருக்கும்வரை அதற்குச் சேதம் வராமல் பார்த்துக்கொள்வது நம் கடமை என்று பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. மளிகைக்காரர்களான நாம் கோட்டை விடுவது இங்கேதான். உப்பு மூட்டையை மீட்டர் பலகைக்கு அடியில் அடுக்குகிறோம். அந்த ஈரம் அலுமினிய வயரின் முனையில் வெள்ளையாகப் பூத்து, பிடிமானம் தளர்ந்து, சூடேறி, கடைசியில் மீட்டரே கருகுகிறது. வெல்லத்துக்கும் பருப்புக்கும் வரும் எலி, வயரின் மேல் உறையையும் கடித்துவிட்டுப் போகிறது. சர்வீஸ் கருகியதற்குக் காரணம் நம் பக்கம் என்று முடிவானால் மீட்டர் விலையும் நம் தலையில் விழலாம். பலகைக்கு முன்னால் ஒரு ஆள் தாராளமாக நிற்கும் அளவுக்கு இடம் விட்டால் பாதித் தொல்லை குறையும்.

48 மணி நேரம்

நுகர்வோர் இடத்தில் லீக்கேஜ் இருப்பதாகச் சந்தேகம் வந்தால், முன்னறிவிப்புக் கொடுத்துச் சோதித்துப் பார்க்க வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. சோதனையில் வயரிங் ஆபத்தானது என்று தெரிந்தால், எழுத்து மூலமாக 48 மணி நேர நோட்டீசு கொடுத்து இணைப்பைத் துண்டிக்கலாம். குறை நீங்கியது என்று திருப்தி ஏற்படும் வரை மீண்டும் இணைப்புத் தர மாட்டார்கள். 1956ஆம் ஆண்டு விதிகளிலிருந்து 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் வரை தொடர்ந்து வந்திருக்கும் ஏற்பாடு இது. சோதனைக்கு வருபவரை உள்ளே விடாமல் திருப்பி அனுப்புவதிலும் பயனில்லை. அப்படி மறுத்தால் 24 மணி நேர நோட்டீசு கொடுத்து மின்சாரத்தை நிறுத்தப் பிரிவு 163 வழி செய்கிறது.

குழாயைத் தொட்டால் ஷாக், ஈரச் சுவரைத் தொட்டால் ஷாக் என்றால் நோட்டீசுக்கும் கெடுவுக்கும் காத்திருக்கக் கூடாது. மெயினை நிறுத்திவிட்டு உடனே மின்னகம் எண் 94987 94987க்குச் சொல்லிவிட வேண்டும்.

நியூட்ரல் கலப்பு

வீடும் கடையும் சேர்ந்த கட்டடங்களில் அடிக்கடி காணப்படும் குறை ஒன்று உண்டு. பலருக்கு இது தெரிவதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். மாடியில் ஒரு லைட் போட வேண்டும். வயர்மேன் வீட்டு சர்வீசிலிருந்து பேஸ் எடுக்கிறார். பக்கத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் கடையின் நியூட்ரல் ஓடுகிறது, அதில் கோர்த்துவிட்டுப் போகிறார். லைட் எரிகிறது. எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆனால் வீட்டு மீட்டர் வழியாகப் போன மின்சாரம் கடை மீட்டர் வழியாகத் திரும்புகிறது. இன்றைய மின்னணு மீட்டர்கள் பலவற்றில் பேஸில் போவதையும் நியூட்ரலில் வருவதையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி உண்டு. இரண்டும் பொருந்தாவிட்டால் ஈ.எல். என்றோ எர்த் என்றோ எழுதிய சின்னச் சிவப்பு விளக்கு எரியும். கணக்கெடுக்க வருபவர் அதைப் பார்த்தால் லீக்கேஜ் என்று எழுதுவார். மின் திருட்டு என்று சந்தேகப்படவும் இடமுண்டு. நஷ்டம் இன்னொரு வழியிலும் வருகிறது. இத்தகைய மீட்டர்கள் இரண்டில் எது அதிகமோ அதையே கணக்கில் எடுக்கும். கடையில் 5 ஆம்பியர் ஓடுகிறது, வீட்டிலிருந்து 2 ஆம்பியர் கடை நியூட்ரலில் வந்து சேருகிறது என்றால் கடை மீட்டர் 7 ஆம்பியருக்கு ஓடும். அந்த 2 ஆம்பியருக்கு வீட்டு மீட்டரும் ஓடும். ஒரே சரக்குக்கு இரண்டு பில்.

எனக்குத் தெரிந்த மளிகைக் கடை ஒன்றில் இரவு கடை மெயினை நிறுத்தினால் மாடியில் ஹால் லைட் அணைந்துவிடும். அதனாலேயே பல வருடங்களாக மெயினை நிறுத்தாமல் ஷட்டரை மூடிக்கொண்டிருந்தார்கள். ஈ.எல்.சி.பி. போட்டபோது அது நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது; பொருள் மட்டம் என்று சொல்லி வயர்மேன் அதைக் கழற்றிவிட்டுப் போனார். விழுந்ததுதான் அதன் வேலை என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

உங்கள் கட்டடத்தில் இது இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் மெயின் சுவிட்ச் இருந்தால், வீட்டில் எல்லா லைட்டையும் போட்டுவிட்டு, கடை மெயினை மட்டும் நிறுத்துங்கள். வீட்டில் ஏதாவது அணைந்தால் நியூட்ரல் கலந்திருக்கிறது. பிறகு மாற்றிச் செய்து பாருங்கள். நீங்களே பிரிக்கப் போக வேண்டாம். கடை மெயின் நிறுத்தியிருக்கிறதே என்று நம்பி அந்த நியூட்ரலைக் கழற்றுபவர் கையில், வீட்டு பேஸ் லைட் வழியாக வந்து நிற்கும். ஆளையே கொன்றுவிடும்.

இதே தரத்தில் வைக்க வேண்டிய இன்னொன்று ஜெனரேட்டர். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரால் வீட்டு பிளக்கில் சொருகி ஓட்டும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. மின்சாரம் நின்றிருக்கிறது என்று கம்பத்தில் ஏறி வேலை செய்பவருக்கு நம் ஜெனரேட்டர் எமனாகும். ஆய்வுக்கு வருபவர் இதைக் கண்டால் கண்டிப்பாகக் குறிப்பார், குறிக்கவும் வேண்டும். நியூட்ரலில் தனியாகப் பீங்கான் ப்யூஸ் இருப்பதும் அப்படித்தான். பழைய வீடுகளில் பேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று என்று ஜோடியாக இருக்கும். நியூட்ரல் ப்யூஸ் மட்டும் போய்விட்டால் லைட் எரியாது, ஆனால் வயரில் உயிர் இருக்கும்.

வேலையும் பதிலும்

பல்பு, ப்யூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளைத் தவிர மற்ற வயரிங் வேலைகளை அரசு உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர்தான் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் இந்த உரிமத்தைத் தருவது மின் உரிம வாரியம். உரிம எண்ணைக் கேட்டு வாங்குவதில் கூச்சம் வேண்டாம். எடைக்கல்லுக்கு முத்திரை இருக்கிறதா என்று நம்மிடம் கேட்பதில்லையா?

வேலை முடிந்ததும் 500 வோல்ட் மெக்கர் வைத்து ஒரு நிமிடம் சோதிக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டும். சோதனைக்கு முன் ஃபிரிட்ஜ், டிவி, இன்வர்ட்டர், எல்.இ.டி. விளக்குகள் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் குறைவு தீர்வதற்குள் டிவி தீர்ந்துவிடும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியரில் விழும் ஈ.எல்.சி.பி. இல்லையென்றால் இந்த வேலையோடு சேர்த்தே போட்டுவிடுங்கள். செலவு ஒரு மூட்டை நல்ல அரிசி விலையைச் சுற்றித்தான் வரும்.

பிறகு நோட்டீசின் எண், தேதி, சர்வீஸ் எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு உதவிப் பொறியாளருக்குக் கடிதம் எழுதி, ஒப்பந்தக்காரரின் சோதனை அறிக்கையை இணைத்து, மறு ஆய்வு செய்து குறை நீங்கியதை எழுத்தில் தெரிவிக்கும்படி கேளுங்கள். "பார்த்துட்டோம், சரி அண்ணாச்சி, போங்க" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் அடுத்து வரும் அதிகாரிக்கு அது தெரியாது. காரணம் சொல்லாமல் இணைப்பு தராமல் இழுத்தடித்தால், வட்டம்தோறும் இருக்கும் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கும், அங்கும் சரியாகாவிட்டால் மின்குறை தீர்ப்பாளருக்கும் போகலாம்.

மறு ஆய்வுக்கு அழைப்பதற்கு முன் வீட்டு சர்வீசிலிருந்து கடை ஃபிரீசருக்கோ கிடங்குக்கோ வயர் போயிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் எடுத்துவிட்டு, கடை இணைப்பில் கூடுதல் பளுவுக்கு முறையாக விண்ணப்பித்துவிடுங்கள். குறைபாடு பார்க்க வந்தவர் கண்ணில் அது பட்டால் பிரிவு 126 வந்து நிற்கும். உரிய கட்டண விகிதத்தைப்போல் இரண்டு மடங்கு. எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் ஆய்வுத் தேதிக்கு முந்தைய 12 மாதத்துக்குப் போடுவார்கள். அதற்கு ஆட்சேபணையைத் தற்காலிக ஆணை வந்த உடனேயே எழுத்தில் தர வேண்டும், ஏனென்றால் 30 நாளுக்குள் இறுதி ஆணை வந்துவிடும். அதற்கு மேல் முறையீடு செய்ய வேண்டுமானால் மதிப்பிட்ட தொகையில் பாதியை முன்கூட்டியே கட்டியாக வேண்டும்.