மைக்கை அழுத்தினால் குரல் போக வேண்டும்

2017 ஜனவரி 6. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள ஃபோர்ட் லாடர்டேல் விமான நிலையம். பெட்டிகளை எடுத்துக்கொள்ளக் காத்திருந்த பயணிகளை ஒருவன் துப்பாக்கியால் சுட்டான். ஐந்து பேர் இறந்தார்கள். சுட்டவன் உடனே பிடிபட்டுவிட்டான். ஆனால் ஒன்றரை மணி நேரம் கழித்து, இன்னொருவனும் சுடுகிறான் என்று வதந்தி கிளம்பியது. ஆயிரக்கணக்கான பயணிகள் விமானங்கள் நிற்கும் தளத்துக்குள் ஓடினார்கள். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் போலீஸார் வந்து குவிந்தார்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மைக்கை அழுத்த, அந்தப் பகுதியை நிர்வகிக்கும் ப்ரோவர்ட் கவுன்டியின் வயர்லெஸ் அமைப்பு திணறிப்போனது. எங்கே ஆபத்து, எங்கே வெறும் பீதி என்று பிரித்துச் சொல்ல வேண்டிய நேரத்தில் பேச்சே போகவில்லை.

பதின்மூன்று மாதம் கழித்து, 2018 பிப்ரவரி 14 அன்று, அதே கவுன்டியில் பார்க்லேண்ட் நகரத்து உயர்நிலைப் பள்ளியில் முன்னாள் மாணவன் ஒருவன் சுட்டதில் பதினேழு பேர் உயிரிழந்தார்கள். அங்கும் அதே வயர்லெஸ், அதே திணறல். மாநில அரசு அமைத்த விசாரணை ஆணையம் 2019 ஜனவரியில் கொடுத்த அறிக்கை இதை விரிவாகவே பதிவு செய்தது. வயர்லெஸில் பேச முடியாமல் அதிரடிப் படையினர் கையால் சைகை காட்டி வேலை செய்ய நேர்ந்தது. உள்ளிருந்த பிள்ளைகள் செல்போனில் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தபோது, அந்த அழைப்புகள் பக்கத்து நகரமான கோரல் ஸ்பிரிங்ஸின் கட்டுப்பாட்டு அறைக்குப் போயின. அந்த நகரத்து போலீஸின் வயர்லெஸ் தனி, கவுன்டி ஷெரிப்பின் வயர்லெஸ் தனி. ஒருவர் கேட்டது மற்றவருக்குக் கேட்கவில்லை.

இத்தனைக்கும் அந்த அமைப்பு காலாவதியாகிவிட்டது என்பது கவுன்டி அதிகாரிகளுக்குத் தெரியாத விஷயம் இல்லை. புதிதாக வாங்கும் வேலை பார்க்லேண்ட் சம்பவத்துக்கு முன்பே தொடங்கியிருந்தது. முடியத்தான் இல்லை. அதற்குப் பிறகும் ஒரு கோபுரத்தை எங்கே நடுவது என்று கவுன்டிக்கும் ஹாலிவுட் என்ற கடலோர நகரத்துக்கும் சண்டை. பூங்காவில் நடலாம் என்றது கவுன்டி, கூடாது என்றது நகரம். பள்ளியில் அத்தனை உயிர் போய் ஓராண்டு கடந்த பின்னும் அந்தச் சண்டை தீரவில்லை. கடைசியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மேல் ஆன்டெனா வைப்பது என்று முடிவானது.

போலீஸ்காரர் இடுப்பிலோ தோளிலோ மாட்டியிருக்கும் வாக்கி-டாக்கி, பார்க்க எளிய கருவிதான். ஆனால் அது தனியாக அதிக தூரம் பேசாது. ஊரைச் சுற்றி உயரமான இடங்களில் கோபுரங்கள் வேண்டும். கோபுரத்தில் இருக்கும் ரிப்பீட்டர், வந்த குரலை வாங்கிப் பெரிய சக்தியோடு திருப்பி அனுப்பும். கோபுரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் நுண்ணலைத் தொடர்பு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, யாருக்கு எந்த அலைவரிசை என்று பிரித்துக்கொடுக்கும் மையக் கணினி ஒன்று வேண்டும். வங்கியில் கவுன்டர் நாலு இருக்க, டோக்கன் வாங்கியவர் நாற்பது பேர் நிற்பதுபோல, இருக்கிற சில அலைவரிசைகளை நூற்றுக்கணக்கான போலீஸார் பகிர்ந்துகொள்கிறார்கள். சாதாரண நாளில் இதில் சிரமமே தெரியாது. பெரிய அசம்பாவிதம் நடக்கும் நாளில் டோக்கன் கொடுக்கும் இடமே நெரிசலில் மாட்டிக்கொள்ளும். அப்போது மைக்கை அழுத்தினால் குரல் போவதற்குப் பதில் ‘பிஸி’ ஒலிதான் கேட்கும். ப்ரோவர்டில் நடந்தது இதுதான்.

கோபுரத்தின் அடியில் ஒரு சின்ன அறை இருக்கும். அதற்குள் பேட்டரி வரிசை, வெளியே டீசல் ஜெனரேட்டர். மின்சாரம் நின்றால் முதலில் பேட்டரி தாங்கும், பிறகு ஜெனரேட்டர் தாங்கும், டீசல் தீர்ந்தால் எல்லாம் நிற்கும். பழைய பேட்டரியை மாற்றுவது, ஜெனரேட்டரை ஓட்டிப் பார்ப்பது, மலைப்பாதை வழியாக டீசல் கொண்டுபோய் நிரப்புவது என எல்லாமே ஆள் போய்ச் செய்ய வேண்டிய வேலை. சம்பளமும் செலவும் உள்ள வேலை.

இந்தச் செலவை யார் ஏற்பது? அமெரிக்காவில் போலீஸ் என்பது ஒரே துறை இல்லை. நகரம், கவுன்டி, மாநிலம், பல்கலைக்கழகம் என்று ஏறத்தாழ 18,000 காவல் அமைப்புகள் இருக்கின்றன. பெரும்பாலும் அந்தந்த உள்ளாட்சியே தன் வயர்லெஸுக்குப் பணம் தேட வேண்டும். கையடக்கக் கருவி ஒன்றே ஆயிரக்கணக்கான டாலர் விலை. புதுத் தீயணைப்பு வண்டி வாங்கினால் ஊர்வலம் விடலாம், படம் எடுக்கலாம். மையக் கணினிக்கு உதிரிபாகம் வாங்கினால் யார் கண்ணுக்கும் தெரியாது. அதனால் பட்ஜெட் கூட்டங்களில் அது அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்படும், பிறகு அதற்கும் அடுத்த ஆண்டுக்கு. தயாரித்த நிறுவனம் அந்த மாடலுக்கு உதிரிபாகம் தருவதை நிறுத்திவிடும். பழுது பார்ப்பவர்கள் வேறு ஊரில் கழித்துப்போட்ட பெட்டிகளிலிருந்து பாகங்களைக் கழற்றி ஒட்டுப்போடுவார்கள். ஒருநாள் அதுவும் முடியாமல் போகும்.

மேலிருந்து வரும் உத்தரவும் செலவை இழுத்துவிடும். 2013 ஜனவரி 1-க்குள் அலைவரிசையின் அகலத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று மத்திய தகவல் தொடர்பு ஆணையம் விதித்தபோது, பழைய கருவிகள் வைத்திருந்த ஊர்கள் மாற்றியே தீர வேண்டியிருந்தது.

அவசரச் செலவு இந்த இடத்தில்தான் வருகிறது. வழக்கமாக ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் எதை வாங்கினாலும் உள்ளாட்சி டெண்டர் விட வேண்டும். மக்களின் உயிருக்கு ஆபத்து என்றால் மன்றம் கூடி, அவசரநிலை என்று தீர்மானம் போட்டு, டெண்டர் இல்லாமலே வாங்கலாம். இருப்பு நிதியிலிருந்து பணத்தை எடுக்கலாம். புயலோ வெள்ளமோ அடித்து, அதிபர் பேரிடராக அறிவித்தால், தகுதியுள்ள சீரமைப்புச் செலவில் குறைந்தது 75 சதவீதத்தை மத்திய அரசு ஏற்கும்.

இப்படி ஒரு வழி இருப்பது அவசியம். 2005-இல் கத்ரீனா புயல் அடித்தபோது 30 லட்சத்துக்கும் மேற்பட்ட தொலைபேசி இணைப்புகள் அறுந்தன. 38 அவசர அழைப்பு மையங்கள் செயலிழந்தன. நியூ ஆர்லியன்ஸ் நகர வயர்லெஸும் விழுந்துவிட, போலீஸும் தீயணைப்புப் படையும் மீட்புக் குழுக்களும் ஒருசில பொது அலைவரிசைகளில் முட்டிமோதிக்கொண்டு பேசின. கூரைமேல் நின்று கை நீட்டியவர்களைத் தேடிப் படகுகள் போய்க்கொண்டிருந்த நேரத்தில் டெண்டர் திறக்கும் தேதிக்காக யாரும் காத்திருக்க முடியாது.

ஆனால் அவசரத்தில் வாங்குவதற்கு விலை உண்டு. கடைக்காரர் ஒருவர்தான் என்றால் அவர் சொன்னதே விலை. பணத்தைவிடப் பெரிய ஆபத்து, சோதித்துப் பார்க்க நேரம் இல்லாததுதான். 2001 மார்ச்சில் நியூயார்க் தீயணைப்புத் துறை புது டிஜிட்டல் வாக்கி-டாக்கிகளை வீரர்களிடம் கொடுத்தது. போட்டி டெண்டர் இல்லை, களத்தில் போதிய சோதனை இல்லை என்று பின்னர் கடும் விமர்சனம் எழுந்தது. சில நாளிலேயே, எரியும் வீட்டுக்குள் சிக்கிய வீரர் ஒருவர் உதவி கேட்டு அழைத்தது வெளியே நின்ற சக வீரர்களுக்குக் கேட்கவில்லை. துறை அத்தனை கருவிகளையும் திரும்பப் பெற்று, பழையவற்றையே மறுபடி கொடுத்தது. அந்தப் பழைய கருவிகள் 1993-இல் உலக வர்த்தக மையத்தில் குண்டு வெடித்தபோதே அந்த உயரக் கட்டடத்துக்குள் சரியாகப் பேசாதவை. அவற்றோடுதான், விமானத் தாக்குதல் நடந்த 2001 செப்டம்பர் 11 அன்று வீரர்கள் அதே கட்டடத்தின் படிகளில் ஏறினார்கள். மையத்தின் தெற்குக் கோபுரம் இடிந்த பிறகு, வடக்குக் கோபுரத்திலிருந்து வெளியேறச் சொன்ன உத்தரவு எல்லோரையும் சென்றடையவில்லை. மேலே பறந்த போலீஸ் ஹெலிகாப்டர் தந்த எச்சரிக்கை போலீஸ் அலைவரிசையில்தான் போனது, தீயணைப்பு வீரர்களுக்குப் போகவில்லை. அன்று அந்தத் துறை இழந்தவர்கள் 343 பேர்.

செல்போன் இருக்கும்போது இந்தப் பழைய வயர்லெஸ் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அமெரிக்க அரசே 2012-இல் சட்டம் போட்டு, மீட்புப் படையினருக்கென்று ஃபர்ஸ்ட்நெட் என்ற தனி செல்போன் சேவையை உருவாக்கியது. ஏடி அண்ட் டி நிறுவனம் அதை நடத்துகிறது. 2020 கிறிஸ்துமஸ் காலையில் நாஷ்வில் நகரத்தில் அந்த நிறுவனத்தின் தொலைத்தொடர்புக் கட்டடத்துக்கு வெளியே ஒருவன் வாகனத்தில் குண்டு வெடிக்கச் செய்தான். தீயிலும் தண்ணீரிலும் மாற்று மின்சாரம் போனது. டென்னசி மட்டுமின்றி கென்டக்கி, அலபாமா மாநிலங்களிலும் தொடர்பு அறுந்தது. பல ஊர்களில் 911 வேலை செய்யவில்லை. ஃபர்ஸ்ட்நெட்டும் பாதிக்கப்பட்டது. செல்போன் துணைக்கு நல்லது. அது ஒன்றையே நம்பினால் ஒரு கட்டடம் விழுந்தால் எல்லாம் விழும்.

புயல் சாய்த்த கோபுரத்துக்கு அவசரப் பணம் செலவழிக்கலாம், செலவழிக்கத்தான் வேண்டும். பத்தாண்டுக்கு முன்பே வயதாகிவிட்டது என்று தெரிந்த கருவிக்கு அவசரநிலை தீர்மானம் போடுவது நிர்வாகத்தின் தவறு. அந்தத் தவறின் முழு விலையையும் மைக்கை அழுத்திக்கொண்டு பதிலுக்குக் காத்திருக்கும் காவலரும், அவரை நம்பிக் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் மாணவரும்தான் கொடுக்கிறார்கள்.

வேறு விதமாகவும் செய்ய முடியும் என்று கலிஃபோர்னியாவின் மரின் கவுன்டி காட்டியது. அங்குள்ள நகரங்களும் தீயணைப்புத் துறைகளும் தனித்தனியாக வாங்காமல், பொதுவாக ஓர் அவசர ரேடியோ ஆணையம் அமைத்துக்கொண்டன. பழைய அமைப்பு முற்றிலும் விழும்வரை அவை காத்திருக்கவில்லை. 2014 நவம்பரில் புது அமைப்புக்கு வரி விதிக்க மக்களிடமே வாக்கு கேட்டன. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், அது கிடைத்தது. ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 29 டாலர் வரி, இருபது ஆண்டுகளுக்கு. மாதக் கணக்கில் இரண்டரை டாலர்கூட இல்லை.