கடைசல் மன்றம் என்றால் என்ன?



நம் பள்ளியில் இலக்கிய மன்றம் இருக்கு, அறிவியல் மன்றம் இருக்கு, பசுமைப் படையும் இருக்கு. புதிதாக ஒரு மன்றம் தொடங்க யோசனை கேட்டபோது நான் 'கடைசல் மன்றம்' என்று எழுதிக் கொடுத்தேன். "கடைசி பெஞ்சுக்காரங்க மன்றமாடா?" என்று வகுப்பே சிரித்தது. சிரித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பாதிப் பேருக்கு அந்த வார்த்தையே தெரியாது என்பதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஒரு மரக்கட்டையை இரண்டு முனையிலும் பிடித்துச் சுழலவிட்டு, உளியை அதன் மேல் அணைத்துச் சீவி, உருண்டையான வடிவம் கொண்டு வருவதே கடைசல். ஆசாரிமார் இதைக் 'கடைசல் பிடிக்கிறது' என்பார்கள். வீட்டுக்குப் போனதும் தேடிப் பாருங்கள். பூரிக்கட்டை, மோர் மத்து, பம்பரம், பழைய கட்டில் கால், தம்பி பாப்பா ஓட்டிய நடைவண்டியின் சக்கரம், கொலுவில் வைக்கும் மரச்சொப்பு எல்லாமே கடைசல்தான்.

மத்து என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. தயிரையும் 'கடைகிறோம்', கட்டையையும் 'கடைகிறோம்'. ஏன் ஒரே வார்த்தை? மின்சாரம் வருவதற்கு முன்னால் கட்டையின் மேல் கயிற்றைச் சுற்றி, ஒருவர் முன்னும் பின்னும் இழுப்பார், இன்னொருவர் உளி பிடிப்பார். மத்தில் கயிறு கட்டித் தயிர் கடைவதும் இதே வேலைதானே! பாற்கடலில் மந்தர மலையை மத்தாக்கி, வாசுகியைக் கயிறாக்கி, தேவர் ஒரு பக்கம் அசுரர் ஒரு பக்கம் இழுத்தார்கள் அல்லவா? என் கணக்கில் உலகத்திலேயே பெரிய லேத் அதுதான். கயிற்று லேத்தில் ஒரு சிக்கல் உண்டு. கட்டை ஒரு தடவை நம்மை நோக்கிச் சுற்றும், மறு தடவை எதிர்ப்பக்கம் சுற்றும். நம்மை நோக்கி வரும்போது மட்டுமே உளி சீவும். அதாவது பாதி நேரம் சும்மா இருக்க வேண்டும். மோட்டார் வந்த பிறகு இந்தத் தொல்லை தீர்ந்தது, கயிறு இழுக்கிற ஆளும் மிச்சம்.

திருச்சிக்காரர்களுக்கு லேத் என்றால் இரும்பு லேத்துதான். பொன்மலை ரயில்வே பணிமனையும் திருவெறும்பூர் பெல் தொழிற்சாலையும் இருக்கிற ஊர், அப்படித்தான் இருக்கும். ஐ.டி.ஐ.யில் 'டர்னர்' படிக்கும் அண்ணன்மார் வேலை செய்வதும் அதில்தான். இரும்பு லேத்தில் உளியை இயந்திரமே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், நாம் கைப்பிடியைத் திருப்பினால் போதும். மர லேத்தில் உளி நம் கையில் இருக்கும். ஒரு தாங்கியின் மேல் வைத்து, உடம்பையும் சேர்த்து அசைத்துச் சீவ வேண்டும். அதனால் இது பாதி இயந்திர வேலை, பாதி கை வேலை. புத்தகம் படித்து மட்டும் இது வராது. பக்கத்தில் நின்று ஒருவர் "உளியைக் கொஞ்சம் தாழ்த்துப்பா" என்று சொல்லித்தர வேண்டும். மன்றம் வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணமே இதுதான்.

நம் பக்கத்து உதாரணம் ஒன்று. நம் அகிலாண்டேசுவரி கோயிலில் நாகசுரம் கேட்காதவர் இங்கே யாரும் இருக்க மாட்டார்கள். கும்பகோணத்துக்கு அந்தப் பக்கம், ஆடுதுறை அருகே நரசிங்கம்பேட்டை என்று ஒரு ஊர் இருக்கிறது. நாகசுரம் செய்வதற்கே பேர்போன ஊர். ஆச்சா மரத்தில்தான் செய்கிறார்கள். அதுவும் பச்சை மரம் ஆகாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற, பல்லாண்டு காய்ந்த தூணும் உத்திரமும்தான் வேண்டும். அதை அறுத்துக் கடைசல் பிடித்து, நடுவில் துளை போட்டு, விரல் துளைகளை அளந்து எடுக்கிறார்கள். துளை ஒரு நூல் பிசகினால் சுருதி போச்சு! முன்பு திமிரி என்ற குட்டையான நாகசுரம்தான் வழக்கம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசிப்பதற்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி நீளமான பாரி நாகசுரத்தைச் செப்பம் செய்து, சுத்த மத்தியமம் ஒழுங்காகப் பேசும்படி செய்தார். வாசிக்கிறவர் குறை சொல்ல, செய்கிறவர் திருத்த, மறுபடி வாசித்துப் பார்க்க, இப்படியே உருவான கருவி அது. 2022-இல் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அங்கே செய்கிறவர்கள் விரல் விட்டு எண்ணும் சில குடும்பங்களே.

திருநெல்வேலிப் பக்கம் அம்பாசமுத்திரத்தில் சொப்பு சாமான் செய்கிறார்கள். கர்நாடகத்தில் பெங்களூரிலிருந்து மைசூர் போகிற வழியில் சன்னபட்னா, ஆந்திராவில் வராகா ஆற்றங்கரையில் ஏட்டிகொப்பாகா. இந்த இரண்டு ஊரிலும் செய்யும் பொம்மைக்கு வெட்பாலை மரம்தான் முக்கியம். மெத்தென்று இருக்கும், வெளுப்பாக இருக்கும், சாயம் நன்றாகப் பிடிக்கும்.

சாயம் ஏற்றும் விதத்தைக் கேட்டால் இயற்பியல் ஆசிரியருக்குச் சந்தோஷமாக இருக்கும். பிரஷ்ஷும் கிடையாது, பெயிண்ட் டப்பாவும் கிடையாது. அரக்கில் நிறம் கலந்து குச்சியாக உருட்டி வைத்திருப்பார்கள். பொம்மை லேத்தில் சுழலும்போதே அந்தக் குச்சியை அழுத்திப் பிடிப்பார்கள். உராய்வில் சூடு வரும். கொதிக்கும் தண்ணீரைவிடக் குறைந்த சூட்டிலேயே அரக்கு இளகிவிடும். இளகிய அரக்கு கட்டையின் மேல் படர்ந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு தாழை ஓலையை வைத்துத் தேய்த்தால் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். உராய்வு என்றால் நஷ்டம் என்றே நாம் பாடத்தில் படிக்கிறோம், இங்கே உராய்வுதான் அடுப்பு!

ஏட்டிகொப்பாகாவில் ஒரு காலத்தில் ரசாயனச் சாயம் வந்து, பொம்மை மேல் மதிப்பும் குறைந்து, தொழில் படுத்துவிட்டது. அந்த ஊர்க்காரர் சி.வி. ராஜு, விவசாயம் படித்தவர், கைவினைஞர்களைச் சேர்த்துக்கொண்டு மஞ்சள், அவுரி, விதை, பட்டை, வேர் இவற்றிலிருந்து சாயம் எடுக்கும் முறையை மீட்டெடுத்தார். குழந்தை வாயில் வைத்தாலும் பயமில்லாத பொம்மை என்ற பெயர் வந்தது. 2017-இல் புவிசார் குறியீடு, 2023-இல் அவருக்குப் பத்மஸ்ரீ. 2025 குடியரசு தின அணிவகுப்பில் ஆந்திர மாநில ஊர்தியே ஏட்டிகொப்பாகா பொம்மைதான்.

தனி ஆளாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று உத்தரவு அமலுக்கு வந்தது. சோதனைக்கூடம் வைக்கிற வசதி பெரிய கம்பெனிக்கு உண்டு. வீட்டுத் திண்ணையில் கடைகிறவர் எங்கே போவார்? கைவினைத் துறையில் பதிவு செய்த கைவினைஞர்களுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பதிவு செய்தவருக்குத்தானே அந்த விலக்கு? இப்படி ஒரு உத்தரவு இருக்கு என்று சொல்லவும், படிவம் நிரப்பிக் கொடுக்கவும் ஒரு சங்கம் வேண்டும்.

வெளிநாட்டில் கதையே வேறு. அங்கே பிழைப்புக்காக இல்லாமல் ஆசைக்காகக் கடைகிறவர்கள்தான் அதிகம். லண்டனில் கடைசல்காரர் சங்கத்துக்கு 1604-லேயே முதலாம் ஜேம்ஸ் மன்னர் பட்டயம் கொடுத்தார். அமெரிக்காவில் 1986-இல் நாடு முழுவதற்கும் ஒரு கடைசல் சங்கம் தொடங்கினார்கள். முதல் தலைவர் டேவிட் எல்ஸ்வொர்த் என்ற கலைஞர். இப்போது அதற்கு 300-க்கும் மேற்பட்ட ஊர்க் கிளைகள் இருக்கின்றன. ஓய்வு பெற்ற வாத்தியார், டாக்டர், லாரி டிரைவர் என்று எல்லோரும் உறுப்பினர்.

அந்தக் கிளைகளில் மாதம் ஒரு கூட்டம் நடக்கும். ஒருவர் எல்லோர் முன்னாலும் ஒரு பொருளைக் கடைந்து காட்டுவார். பின் வரிசைக்கும் உளியின் நுனி தெரியும்படி கேமரா வைத்து டி.வி.யில் காட்டுவார்கள். அடுத்து, உறுப்பினர்கள் அந்த மாதம் செய்ததைக் கொண்டு வந்து மேசையில் வைப்பார்கள். நன்றாக வந்ததை மட்டுமல்ல, வெடித்ததையும் கோணலானதையும் வைப்பார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். எங்கே தப்பு என்று மூத்தவர்கள் எடுத்துச் சொல்வார்கள். மரத்துண்டுகளைக் குலுக்கல் போட்டு விற்று, அந்தக் காசில் உளி, புத்தகம் வாங்குவார்கள். புயலில் விழுந்த மரத்தைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். புற்றுநோய் சிகிச்சையில் முடி இழந்தவர்களுக்கு விக் மாட்டி வைக்கும் தாங்கி கடைந்து இலவசமாகக் கொடுக்கிற கிளைகளும் உண்டு.

தலைமை என்பது அங்கே தேர்தல்தான். தலைவர், துணைத்தலைவர், செயலர், பொருளாளர், நூலகர், செய்தி மடல் ஆசிரியர் என்று பிரித்துக்கொள்கிறார்கள். நம் ஊர்ப் பட்டறையில் ஆசான்தான் எல்லாம். அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. ஆசான் முறையில் வேலை சுத்தமாக வரும், ஆனால் ஆசான் போனால் வித்தையும் கூடவே போய்விடும். மன்ற முறையில் பேச்சு அதிகம், ஆனால் ஒருவர் போனாலும் ஒன்பது பேருக்குத் தெரிந்திருக்கும். என் அபிப்பிராயம், நமக்கு இரண்டும் கலந்து வேண்டும். சொல்லித்தர ஒரு ஆசான், நடத்த நாம். நன்றாகக் கடைகிறவனையே தலைவனாகப் போட வேண்டும் என்று அவசியமில்லை. அவன் லேத்தை விட்டு நகரவே மாட்டான்! நேரத்துக்கு வந்து கதவு திறக்கிற, கணக்கு எழுதுகிற, "கண்ணாடி போடாம கிட்ட வராதே" என்று அதட்டுகிற ஆள்தான் தலைமைக்கு ஏற்றவர்.

அதட்டல் ஏன் என்றால், இதோ கணக்கு. விட்டத்தை அங்குலத்திலும் சுழற்சியை நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்றும் எடுத்துக்கொண்டு, இரண்டையும் பெருக்கினால் 6000-க்கும் 9000-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பது கடைசல்காரர்களின் பொது விதி. 2 அங்குலப் பம்பரக் கட்டையை 3000 சுற்றில் ஓட்டலாம். 10 அங்குலக் கிண்ணத்துக்கு 900-ஐத் தாண்டக் கூடாது. 900 சுற்றில் அந்தக் கிண்ணத்தின் விளிம்பு மணிக்கு சுமார் 43 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும், நம் டவுன் பஸ் மாதிரி. மறந்துபோய் 3000-இல் விட்டால் சுமார் 144 கிலோமீட்டர்! கட்டையில் ஒரு விரிசல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதனால் முகக்கவசம் கட்டாயம். சடையைத் தூக்கிக் கட்டணும். துப்பட்டா, தொங்கும் கழுத்துச் செயின், கயிறு, கையுறை எதுவும் கூடாது. (கையுறை பாதுகாப்பு என்று நினைப்போம். சுழலும் கட்டையில் அது சிக்கினால் கையையே இழுத்துவிடும்.) சுவிட்ச் போடுவதற்கு முன் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, எங்கும் இடிக்கவில்லை என்று தெரிந்த பிறகே மோட்டார். அப்போதும் நேர் எதிரே நிற்காமல் ஒதுங்கி நிற்க வேண்டும்.

மரத்துக்கு எங்கே போவது என்று ஒரு மாணவி கேட்டாள். வேப்பங்கிளை, புங்கங்கிளை, பூவரசு என்று காற்றில் முறிந்து விழுவதே நமக்குப் போதும். பச்சை மரம் சீவ மெத்தென்று இருக்கும், ஆனால் காயும்போது கோணும். அதற்கும் வழி உண்டு. விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனம் விட்டு முரடாகக் கடைந்து, மாதக்கணக்கில் நிழலில் காயவிட்டு, மறுபடி மெல்லிசாகக் கடைய வேண்டும். 10 அங்குலக் கிண்ணத்துக்கு 1 அங்குலக் கனம். பொறுமை இல்லாதவர்கள் பம்பரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எங்கள் தெருவில் முன்பு ஒரு கடைசல் பட்டறை இருந்தது. இப்போது அந்த இடத்தில் செல்போன் கடை. பட்டறை வைத்திருந்த தாத்தாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. அவர் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, வீட்டு வாடகை கொடுக்கணுமே. உளிகளை எண்ணெய் தடவித் துணியில் சுற்றிப் பரண் மேல் வைத்திருக்கிறார். நான் போய்க் கேட்டேன். "தாத்தா, எங்க ஸ்கூலுக்கு வந்து சொல்லித் தருவீங்களா?" அவர் உடனே பதில் சொல்லவில்லை. உளி ஒன்றை இறக்கச் சொல்லி, கட்டை விரலால் முனையைத் தடவிப் பார்த்தார். "சாணை பிடிக்கணும்ப்பா. அதைத்தான் முதல்ல கத்துக்கணும், கடைசல் அப்புறம்" என்றார். வருவேன் என்றுதான் அதற்கு அர்த்தம் என்று எடுத்துக்கொண்டேன். மாடிப்படி ஏற அவருக்கு முடியாது, ஆகவே கீழ்த்தளத்தில் இடம் கிடைத்தால்தான் நடக்கும். சைக்கிள் ஷெட்டை ஒட்டிய பழைய சாமான் அறையைக் கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம். முதல் மாதம் சாணை பிடிப்பதும் பாதுகாப்பும் மட்டும், லேத் ஓடாது. இரண்டாம் மாதம் பம்பரம். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு பூரிக்கட்டை, மத்து. எட்டாம் வகுப்புக்கு மேல் யாரும் சேரலாம், மாணவிகளும்தான். பெற்றோர் கையெழுத்துடன் பெயர் எழுதிய சீட்டை இந்தச் சுவர் இதழின் கீழே தொங்கும் பெட்டியில் வெள்ளிக்கிழமைக்குள் போடவும். பன்னிரண்டு பேர் சேர்ந்தால் தலைமையாசிரியர் ஐயாவிடம் மனு கொடுப்போம். இதுவரை ஐந்து சீட்டு விழுந்திருக்கிறது, அதில் ஒன்று நம் தமிழ் ஐயாவுடையது.

— மேல்நிலை முதலாம் ஆண்டு மாணவன்