நூல் பிடித்தாற்போல் உழ எத்தனை ஏக்கர் வேண்டும்?

டிராக்டரின் ஸ்டீயரிங்கைச் செயற்கைக்கோள் சைகைகளின் துணையால் தானே திருப்பி, ஒவ்வொரு உழவுச் சாலும் முந்தைய சாலை ஒட்டியே அமையச்செய்யும் துல்லிய வழிகாட்டல் கருவி, பொதுப் பயன்பாட்டுக்கான ஜிபிஎஸ் சைகையில் வேண்டுமென்றே கலக்கப்பட்டிருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதம் நீக்கிய பிறகு, அந்நாட்டின் பெரும்பண்ணைகளில் வேகமாகப் பரவியது. கைப்பேசியில் உள்ள ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகக்கூடியது. ஆனால் இருப்பிடம் துல்லியமாக அளக்கப்பட்ட ஒரு தரைநிலையத்திலிருந்து பிழைதிருத்தத் தகவலை உடனுக்குடன் பெறும் ஆர்டிகே என்ற முறையில் அந்தப் பிசகு இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது.

இக்கருவி ஈட்டித்தரும் பணம் பெரும்பாலும் மேற்படிவு என்ற ஒன்றைத் தவிர்ப்பதிலிருந்து வருகிறது. அதாவது, இடம் விட்டுப்போகக் கூடாதே என்று கண்ணளவில் ஓட்டும் ஓட்டுநர் முந்தைய சாலின்மேல் சற்றே ஏறி ஓட்டுவதால் இருமுறை செலவாகும் டீசல், விதை, உரம், மருந்து ஆகியவற்றை அது மிச்சப்படுத்துகிறது. இந்த மேற்படிவு நூற்றுக்கு ஐந்து என்று கொண்டால், ஆயிரம் ஏக்கர் பண்ணையில் ஐம்பது ஏக்கருக்கான செலவு மிஞ்சும். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி ஒருவர் சாகுபடி செய்யும் கைப்பற்றின் சராசரிப் பரப்பு 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு, என்றிருக்கும் தமிழ்நாட்டிலோ பத்து சென்ட் நிலத்துக்கான செலவுகூட மிஞ்சாது. கருவியின் விலை மட்டும் நிலத்தின் அளவுக்கேற்பச் சுருங்குவதில்லை.

வானத்தையும் கண்மாயையும் நம்பி நெல் விளையும் சிவகங்கை மாவட்டச் சாக்கோட்டை வட்டாரத்தில் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. சிறு விவசாயி பெரும்பாலும் டிராக்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு அமர்த்துபவர். உழவு நேரம் குறைந்தால் லாபம் விவசாயிக்கு, கருவிக்கான முதலீடோ டிராக்டர் உரிமையாளருக்கு, அவருக்கோ நேரம் குறைந்தால் வருமானமும் குறையும் என்ற நிலையில், அதை யார்தான் வாங்குவார்? தவிர, சேற்றுழவில் சால் நேராக இருந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. புழுதியில் விதைப்புக் கருவி கொண்டு வரிசையாக விதைக்கும்போது நேர்கோடு களையெடுக்க உதவும் என்றாலும், குறுகிய வயலில் அதைக் கைதேர்ந்த ஓட்டுநரே செய்துவிடுவார்.

தமிழ்நாட்டில் துல்லியப் பண்ணையம் என்ற பெயர் பரவியதே வேறு வழியில்தான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2004 முதல் 2007 வரை தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 400 ஹெக்டேரில் நடத்திய திட்டத்தின் மையம் செயற்கைக்கோள் அன்று. சொட்டுநீர்க் குழாய் வழியே நீரில் கரையும் உரத்தை வேரடியில் சேர்ப்பதும், விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து விற்பதும்தான்.

சாக்கோட்டையின் நெல்வயலுக்குப் பொருந்தக்கூடிய துல்லியம் லேசர் சமன்படுத்தி எனலாம். வயலோரம் நிறுத்திய கருவி சுழற்றி வீசும் லேசர் கதிரை டிராக்டர் பின்னால் உள்ள வாளியின் உணர்கருவி வாங்கி, மேட்டில் மண்ணைச் சீவிப் பள்ளத்தில் கொட்டுமாறு வாளியை ஏற்றியிறக்குகிறது. மேடு நனைவதற்காகப் பள்ளத்தில் முழங்கால் அளவு நீர் கட்டும் வீண்செலவு இதனால் குறைகிறது. பஞ்சாபிலும் மேற்கு உத்தரப் பிரதேசத்திலும் இது பரவியது வாடகை முறையில்தான். ஒருமுறை சமன்படுத்தினால் சில ஆண்டுகள் தாங்கும் என்பதால் சொந்தமாக வைத்திருக்க வேண்டியதும் இல்லை. ஆனால் இருபது சென்ட் துண்டுக்குள் அந்த வாளி வசதியாகத் திரும்ப இடம் போதாது என்பதால், வாடகையைப் பேசுவதற்கு முன், நடுவிலுள்ள வரப்பை எடுக்கப் பங்காளிகளிடம் பேசியாக வேண்டும்.