டேமும் ரிசர்வாயரும்

ஆங்கிலத்தில் ‘டேம்’, ‘ரிசர்வாயர்’ என்னும் இரு சொற்களையும் ஒரே பொருளில் எழுதிவிடுகிறோம். ஆற்றை மறித்து எழுப்பிய சுவரே டேம், அதாவது அணை. அச்சுவருக்குப் பின்னால் தேங்கும் நீர்ப்பரப்பே ரிசர்வாயர், அதாவது நீர்த்தேக்கம்.

கர்னல் பென்னிகுவிக் 1895-இல் கட்டி முடித்தது முல்லைப் பெரியாறு டேம். தேக்கடியில் படகு செல்லும் ஏரி அதன் ரிசர்வாயர். பேச்சில் ‘டேம் நிரம்பியது’ என்பதுண்டு. ஆனால் கட்டப்படுவது டேம், நிரம்புவது ரிசர்வாயர் என்று எழுதுவதே தெளிவு.

2014-இல் உச்சநீதிமன்றம் அனுமதித்த 142 அடி என்பது சுவரின் உயரமன்று. தேக்கும் நீரின் மட்டம். வேறுபாடு அறியாவிடில் செய்தியின் பொருளே பிறழும்.

சுரங்கவழியே கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்கு வருவது நீர். அதைத் தாங்கி நிற்பது சுவர். தோழியரே, இரண்டையும் அதனதன் பெயராலேயே அழைப்போம்!