தேய்புரியும் உறைக்கயிறும்: மீட்புப் பணியில் கயிற்றின் இடம்

நற்றிணையின் 284ஆம் பாடலைப் பாடிய புலவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் கையாண்ட உவமையே பெயராக நின்றுவிட்டதால் அவரைத் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று அழைக்கிறோம். நெஞ்சம் ஒரு பக்கமும் அறிவு மறுபக்கமும் இழுக்க, நடுவே கிடந்து வருந்தும் உடலை, இரண்டு யானைகள் பற்றி இழுக்கும் தேய்ந்த பழங்கயிற்றுக்கு அவர் ஒப்பிட்டார்.

இந்த உவமைக்குள் ஒரு தொழில்நுட்பச் செய்தியும் அடங்கியிருக்கிறது. நார்களை முறுக்கிப் புரியாக்குவதும், புரிகளை எதிர்த்திசையில் முறுக்கிக் கயிறாக்குவதும் பழைய முறை. அவ்வாறு திரித்த கயிற்றில் ஒவ்வொரு புரியும் மாறிமாறி மேற்பரப்புக்கு வரும். எது தேய்ந்தது, எது பிய்ந்தது என்பதைக் கண்ணால் காணலாம். ஐயம் எழுந்தால் புரிகளைச் சற்றே பிரித்து உட்புறத்தையும் பார்க்கலாம். புலவர் புரியின் தேய்வைக் கண்டதற்கு அந்தக் கயிற்றின் அமைப்பே இடம் தந்தது.

இன்று தீயணைப்பாளரும் மீட்புப் படையினரும் தம் உயிரை ஒப்படைக்கும் கயிறு அத்தகையதன்று. அதன் சுமை தாங்கும் பகுதி ஓர் உறைக்குள் மறைந்திருக்கிறது. ஆகவே அதன் வலிமையைத் தோற்றம் மட்டும் சொல்லாது. அது கடந்துவந்த வரலாறும் சேர்ந்தே சொல்லும். கயிற்றின் வகை, பயன்பாடு, பராமரிப்பு ஆகிய மூன்றையும் இந்த ஒரு கருத்தின் வழியே இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

நாரிலிருந்து நைலான் வரை

தென்னை நார், சணல், கற்றாழை நார் முதலியவற்றால் கயிறு திரிப்பது தமிழர் நன்கறிந்த தொழில். தென்னை நாரைக் குறிக்கும் ‘காயர்’ என்னும் ஆங்கிலச் சொல்லே மலையாளத்தின் ‘கயர்’ என்பதிலிருந்து சென்றது. அது நம் ‘கயிறு’ என்ற சொல்லின் உடன்பிறப்பு. தீயணைப்பு நிலையங்களில் நெடுங்காலம் கோலோச்சியது மணிலாக் கயிறு. பிலிப்பீன்ஸில் விளையும், வாழைக் குடும்பத்தைச் சேர்ந்த ‘அபாக்கா’ என்னும் செடியின் நார் அது.

இயற்கை நார்க் கயிற்றுக்கு இரு குறைகள் உண்டு. நார்கள் குறுகியவை, அவற்றை ஒன்றாகப் பிணைத்திருப்பது முறுக்கினால் உண்டாகும் உராய்வு மட்டுமே. மேலும், ஈரத்தோடு சுருட்டி வைத்தால் வெளிப்புறம் உலர்ந்து தோன்றும்போதே உட்புறம் மக்கத் தொடங்கும். நீரோடு பழகும் தீயணைப்பாளருக்கு இது பெருங்குறை.

1935இல் அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவனத்தில் நைலான் உருவானது. இரண்டாம் உலகப் போரில் வான்குடைகளுக்குப் பயன்பட்ட இவ்விழை, பின்னர்க் கயிற்றுத் தொழிலையே மாற்றியது. நைலான் கயிற்றின் இழைகள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் ஓடக்கூடியவை. அவை மக்குவதில்லை, திடீர் இழுப்பை நெகிழ்ந்து ஏற்றுக்கொள்கின்றன. எனினும் நனைந்தால் வலிமை ஓரளவு குறையும். அமிலம் பட்டால் கெட்டுவிடும். பாலியெஸ்டர் குறைவாக நீளும், அமிலத்தை மேலும் நன்றாகத் தாங்கும். பாலிபுரோப்பிலீன் நீரில் மிதக்கும். ஆயின் ஏறத்தாழ 165 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். வெள்ளத்தில் தத்தளிப்பவருக்கு எறிய அது ஏற்றது. அனலின் அருகே அதற்கு இடமில்லை. அராமிட் இழை உருகுவதே இல்லை. மிகுந்த வெப்பத்தில்தான் சிதையும். ஆனால் வெயிலும் அடிக்கடி மடிப்பதும் அதற்குப் பகை.

எல்லாப் பணிக்கும் பொருந்தும் ஒரே இழை என்று எதுவும் இல்லை என்பது இதனால் விளங்கும்.

கருவும் உறையும்

1953இல் ஜெர்மனியின் எடெல்ரிட் நிறுவனம் புதிய அமைப்பில் ஒரு கயிற்றை உருவாக்கியது. நடுவே நீளவாக்கில் ஓடும் இழைக்கற்றைகள்; அவற்றைச் சுற்றி நெருக்கமாகப் பின்னிய உறை. உட்பகுதியைக் கரு என்போம். சுமையின் பெரும்பகுதியைக் கருவே தாங்குகிறது. உறையின் முதன்மைப் பணி, உராய்வு, அழுக்கு, வெயில் ஆகியவற்றிலிருந்து கருவைக் காப்பது. திரித்த கயிற்றைப்போல இக்கயிறு சுமை ஏறும்போது சுழல்வதில்லை; தொங்குபவரையும் சுழற்றுவதில்லை. மலையேறுவோருக்காகப் பிறந்த இவ்வமைப்பு மீட்புப் பணிக்கும் பரவியது.

இக்கயிற்றிலும் இரு வகைகள் உண்டு. மலையேறுபவர் கால் தவறி விழக்கூடும். அவரைத் தடுத்து நிறுத்தும் கயிறு நீண்டு கொடுத்து அதிர்ச்சியை விழுங்க வேண்டும். இல்லையெனில் கயிறு நிற்கும், உடல் முறியும். இது நெகிழ்கயிறு. மீட்புப் பணியின் தேவை வேறு. பத்தாம் மாடியிலிருந்து காயமுற்றவரைத் தூக்குபடுக்கையில் கிடத்தி இறக்கும்போது கயிறு ரப்பரைப்போல் துள்ளினால் அவர் சுவரில் மோதுவார். அதற்கு வேண்டியது குறைவாக நீளும் கயிறு. ஐரோப்பியத் தரவரையறைப்படி, சுமை 50 கிலோகிராமிலிருந்து 150 கிலோகிராமுக்கு உயரும்போது இக்கயிற்றின் நீட்சி 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 30 மீட்டர் கயிற்றில் அது ஒன்றரை மீட்டர். இரண்டு வகைகளும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். இடம் மாற்றிப் பயன்படுத்தினால் இரண்டுமே ஆபத்தாகும்.

எவ்வளவு வலிமை போதும்?

1980ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் தீப்பிடித்த கட்டடம் ஒன்றின் மேல்மாடிச் சன்னலில் ஒரு தீயணைப்பாளர் சிக்கிக்கொண்டார். அவரை மீட்கக் கூரையிலிருந்து மற்றொருவர் கயிற்றில் இறக்கப்பட்டார். இருவர் எடையும் கயிற்றில் ஏறியபோது அது அறுந்தது. இருவரும் மாண்டனர். உயிரைத் தாங்கும் கயிறு எப்படி இருக்க வேண்டும் என்பதற்குத் தனித் தரவரையறை தேவை என்னும் உணர்வை இத்துயரம் வலுப்படுத்தியது. அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் 1985இல் அதனை வெளியிட்டது.

அதன் கணக்கு எளிது. மீட்பவரும் மீட்கப்படுபவரும் கருவிகளோடு சேர்ந்து 600 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 272 கிலோகிராம். அதைப்போல் பதினைந்து மடங்கைப் புதுக்கயிறு தாங்க வேண்டும். அவ்வாறு பிறந்ததே 40 கிலோநியூட்டன் என்னும் அளவு. நான்கு டன்னுக்குச் சற்று மேற்பட்ட எடைக்கு அது ஒப்பானது.

இருவரைத் தாங்க நான்கு டன் எதற்கு என்று கேட்கலாம். ஆய்வுக்கூடத்தில் கயிறு நேராக, முடிச்சின்றி, உலர்ந்த நிலையில் இழுக்கப்படுகிறது. களத்தில் அவ்வாறு இருப்பதில்லை. முடிச்சிட்ட இடத்தில் கயிறு வளைந்து நசுங்குவதால், முடிச்சின் வகையைப் பொறுத்து வலிமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை போய்விடும். எட்டு முடிச்சு இழப்பைக் குறைப்பது. சரியாக இட்டிருக்கிறதா என்று பார்த்தவுடன் அறியக்கூடியது. மீட்புப் படையினர் அதனை விரும்புவதற்கு இவை காரணங்கள்.

கோணமும் வலிமையைத் தின்னும். ஒரு சுமையை இரு இடங்களில் கட்டினால் ஆளுக்குப் பாதி என்று எண்ணுவோம். இரு கயிறுகளுக்கும் இடையே 90 பாகை விரிந்தால் ஒவ்வொன்றும் சுமையின் 71 விழுக்காட்டைத் தாங்க நேரும். 120 பாகை விரிந்தால் ஒவ்வொன்றின் மேலும் முழுச் சுமையே ஏறும். கொடிக்கயிறுபோல் இறுக இழுத்துக் கட்டினாலோ சுமையைப் போல் பல மடங்கு விசை பாயும். இவற்றுக்கு மேல் கூரையின் விளிம்பு இருக்கிறது. சுமையால் விறைத்த கயிற்றைக் கூரிய விளிம்பு மிக எளிதில் அறுக்கும். அதனால்தான் விளிம்பில் உருளையோ தடித்த உறையோ வைக்காமல் பயிற்சி பெற்றவர் எவரும் கயிற்றை இறக்குவதில்லை.

கயிறு செய்யும் பணிகள்

ஆளை இறக்குவதும் ஏற்றுவதும் மட்டுமே கயிற்றின் பணி அன்று. புகை சூழ்ந்த கட்டடத்தில் நுழையும் தீயணைப்பாளருக்குத் தம் கையே தெரியாது. அங்கே கயிறு சுமை தாங்குவதில்லை, வழி சொல்கிறது. வெளிவாயில் எந்தப் பக்கம் என்பதைக் கையுறையோடு தடவி அறியும்படி, அடையாள முடிச்சுகள் இட்ட வழிகாட்டிக் கயிறுகளும் உண்டு.

தப்பிக்கும் கயிறு மற்றொரு வகை. 2005 ஜனவரி 23ஆம் நாள், நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் தீயால் சூழப்பட்ட ஆறு தீயணைப்பாளர் நான்காம் தளச் சன்னல்களிலிருந்து வெளியேற நேர்ந்தது. இருவர் அன்றே இறந்தனர். தனிக்கயிறு வழங்கும் வழக்கம் அதற்கு முன்பே கைவிடப்பட்டிருந்தது. ஒருவர் தம் சொந்தச் செலவில் வாங்கி வைத்திருந்த கயிறே அங்கிருந்தது. அதன் பின்னரே அந்நகரில் ஒவ்வொருவருக்கும் தனிக்கயிறு மீண்டும் வழங்கப்பட்டது.

நம் ஊரின் நினைவில் 1983 ஜனவரி 29 நிற்கிறது. எண்ணெய்த் துளையிடும் கப்பலின் கோபுரம் செந்தோசா கம்பிவட ஊர்தியின் வடத்தில் மோதியது. இரண்டு கூண்டுகள் கடலில் விழுந்தன, எழுவர் உயிரிழந்தனர். அந்தரத்தில் தொங்கிய நான்கு கூண்டுகளில் சிக்கியிருந்த 13 பேரை, சிங்கப்பூர் ஆகாயப்படையினர் ஹெலிகாப்டரிலிருந்து வடத்தில் இறங்கி ஒவ்வொருவராக மீட்டனர்.

ஓடும் நீரில் மட்டும் விதி தலைகீழாகும். மீட்பவர் உடலில் கயிற்றை இறுகக் கட்டினால் நீரோட்டம் அவரை அமிழ்த்திவிடும். நொடியில் கழன்றுவிடக்கூடிய கவச உடை இன்றி எவரும் கயிற்றில் பிணைக்கப்படலாகாது.

பேணும் முறை

மீட்புக் கயிற்றின் முதல் பகை மணல். கயிற்றை மிதிக்கும்போது மணல் துகள்கள் உறையின் பின்னலுக்குள் புகுந்து, ஒவ்வோர் இழுப்பிலும் இழைகளைச் சிறிது சிறிதாக அறுக்கின்றன. கயிற்றை மிதிக்காதே என்பது மரியாதைக்கு மட்டும் சொன்ன விதியன்று. அழுக்கான கயிற்றைக் குளிர்ந்த நீரில் மென்மையான சோப்பினால் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். வெளுப்பான் கூடாது, வெயிலும் கூடாது. வண்டியின் மின்கலம் உள்ள இடத்தில் கயிற்றை வைக்கலாகாது; அமில ஆவியே நைலானைக் கெடுக்கும். நைலான் மேல் நைலான் ஒரே இடத்தில் ஓடி உரசினால் உராய்வின் வெப்பம் கயிற்றை உருக்கிவிடும்.

ஒவ்வொரு பயன்பாட்டுக்குப் பின்பும் சோதனை உண்டு. கண்ணால் உறையைப் பார்த்தபடியே, கயிற்றை இலேசாக இழுத்துப் பிடித்துக் கையால் முழு நீளமும் தடவிச் செல்ல வேண்டும். ஓரிடம் மெலிந்திருக்கிறதா, வீங்கியிருக்கிறதா, உட்கூடாக நசுங்குகிறதா, கண்ணாடிபோல் பளபளத்து விறைத்திருக்கிறதா என்பதை விரல்கள் அறியும். உறைக்குள் மறைந்த கருவைப் பார்க்க முடியாத இடத்தில் விரலே கண்.

விரலாலும் அறிய முடியாதவற்றுக்குப் பதிவேடு இருக்கிறது. ஒவ்வொரு கயிற்றுக்கும் ஓர் எண். செய்யப்பட்ட நாள், முதலில் பயன்பட்ட நாள், ஒவ்வொரு பயன்பாடு, சோதித்தவர் பெயர் ஆகியவை அதில் எழுதப்படும். கடும் அதிர்ச்சியைத் தாங்கிய கயிறு புதிதுபோல் தோன்றினாலும் விலக்கப்படும். பயன்படாமலே கிடந்தாலும் பத்தாண்டுக்கு மேல் நைலான் கயிற்றை வைத்திருக்க வேண்டா என்பது உற்பத்தியாளர் பலரின் அறிவுரை. வரலாறு தெரியாத கயிற்றில் உயிரைத் தொங்கவிடுவதில்லை. விலக்கிய கயிற்றை மூலையில் போட்டுவைப்பதும் இல்லை. எவரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி துண்டுகளாக வெட்டிவிடுவர்.

சொல்லும் பாதுகாப்பும்

இது தீயணைப்பாளரின் செய்தி மட்டுமன்று. நம் இளைஞர் பலர் குடிமைத் தற்காப்புப் படையில் தேசிய சேவை ஆற்றுகின்றனர். கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் உயரத்தில் கயிற்றை நம்பி நிற்கின்றனர். அவர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சி தமிழிலும் நடைபெறுகிறது. அங்கே ஒரு சொல் தெளிவாக இல்லையெனில், தவறு ஏட்டோடு நில்லாது.

நைலான், பாலியெஸ்டர் போன்ற பொருட்பெயர்கள் அப்படியே இருக்கலாம். அவற்றால் குழப்பம் இல்லை. ஆனால் பண்பைக் குறிக்கும் சொல் பண்பைச் சரியாகச் சொல்ல வேண்டும். குறைவாக நீளும் கயிற்றை ‘நிலைக்கயிறு’ என்று மொழிபெயர்த்தால், அது சிறிதும் நீளாது என்று பயில்பவர் எண்ணக்கூடும். ‘குறைநீட்சிக் கயிறு’ என்பது பொருத்தமானது. உயிரைத் தாங்கும் கயிற்றை ‘உயிர்க்கயிறு’ என்றும், கருவிகளைத் தூக்கவும் பொருள்களைக் கட்டவும் உதவுவதைத் ‘துணைக்கயிறு’ என்றும் பிரித்துச் சொல்லிப் பழகினால், ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எடுக்கும் கை சற்றே தயங்கும்.

வடம், தாம்பு, நாண் என்று கயிற்றை அதன் வேலையால் பிரித்துப் பெயரிட்ட மொழி நம்முடையது. தேருக்கு வடம், கிணற்றுக்குத் தாம்பு, வில்லுக்கு நாண். ஒன்று மற்றொன்றன் வேலைக்கு ஆகாது என்பதை அப்பெயர்களே உணர்த்தின. புதிய கயிறுகளுக்கும் அதே தெளிவோடு பெயர் வைப்பது நம் தலைமுறையின் பணி.