வயர்லெஸ்ஸில் போகும் நம் வார்த்தை



கடை வாசலில் தீயணைப்பு வண்டி வந்து நின்றதும் நம்மில் பலர் ஒரு தவறைச் செய்கிறோம். நாலு பேர் சூழ்ந்துகொண்டு நிலைய அலுவலரிடம் நாலு விதமாகச் சொல்கிறோம். "உள்ளே பையன் இருக்கான்" என்பார் ஒருவர். "எல்லாரும் வெளியே வந்தாச்சு" என்பார் மற்றொருவர். நாம் சொல்வதுதான் அவர் கையிலுள்ள வாக்கி-டாக்கி வழியாகப் புகைக்குள் நிற்கும் வீரர்களுக்குப் போகிறது. எனவே அந்தக் கருவியில் பேசும் முறையை நாமும் அறிந்திருப்பது அவசியம்.

வாக்கி-டாக்கி தொலைபேசியைப் போன்றதல்ல. ஓர் அலைவரிசையில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேச முடியும். இருவர் சேர்ந்து பொத்தானை அழுத்தினால் இரண்டு செய்தியும் கெட்டுவிடும். ஆகவே தீயணைப்புப் பணியில் சில விதிகள் உண்டு. முதலில் கேட்க வேண்டும். வரிசை காலியான பிறகே பேச வேண்டும். யாரை அழைக்கிறோம், அழைப்பது யார் என்று தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். செய்தி சுருக்கமாக, எல்லாருக்கும் புரியும் சொல்லில் இருக்க வேண்டும். உத்தரவைக் கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மண்டிக்குப் போனில் சரக்குச் சொல்லும்போது, "துவரை பத்து மூட்டை" என்று அவர் திருப்பிச் சொன்னால்தானே நமக்கு நிம்மதி? அதே முறைதான் இதுவும்.

வீரர் ஒருவர் உள்ளே சிக்கிக்கொண்டால், பல நாடுகளில் "மேடே" என்று மூன்று முறை அழைப்பார். உடனே மற்றவர்கள் பேச்சை நிறுத்த வேண்டும். தாம் யார், எங்கே இருக்கிறார், என்ன ஆயிற்று, என்ன உதவி தேவை என்பதை அவர் சொல்வார்.

இந்த ஒழுங்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரம் சாட்சி. 2007 ஜூன் 18 அன்று அங்கே ஒரு பெரிய சோபாக் கடையில் தீப்பிடித்தது. சரக்கு இறக்கும் பகுதிக்கு வெளியே கிடந்த குப்பையில் தொடங்கிய தீ, கிடங்குக்கும் கடைக்கும் பரவியது. பின்புறம் சிக்கிய ஊழியர் ஒருவரைச் சுவரை உடைத்து மீட்டார்கள். ஆனால் கடைக்குள் சென்ற வீரர்கள் 9 பேர் திரும்பவில்லை. அவர்கள் உதவி கேட்ட குரல்கள் உரிய நேரத்தில் கவனிக்கப்படவில்லை என்று பிறகு நடந்த ஆய்வுகள் கூறின.

கருவி நல்லதாக இருந்தாலும் கட்டடம் அதற்குத் தடையாகும். கான்கிரீட் சுவர், அடித்தளக் கிடங்கு, இரும்பு ரேக்குகள், ஷட்டர் ஆகியவை அலையின் வலிமையைக் குறைக்கும். உள்ளிருந்து வரும் குரல் அரைகுறையாகத்தான் கேட்கும். அந்த நேரத்தில் நாம் போடும் கூச்சல் அதையும் அமுக்கிவிடும்.

அஸ்தம்பட்டி ரவுண்டானா பக்கம் கடை வைத்திருப்பவரானாலும், செவ்வாய்ப்பேட்டையில் மண்டி வைத்திருப்பவரானாலும், நாம் செய்ய வேண்டியவை சிலவே. 101 அல்லது 112 எண்ணுக்கு அழைத்து, கடையின் பெயர், தெரு, அருகிலுள்ள அடையாளம், எரிவது என்ன என்பதைச் சொல்லுங்கள். எதிர்முனையில் இருப்பவர் திருப்பிச் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள். வேலையாட்களை வெளியே ஓரிடத்தில் நிறுத்தித் தலை எண்ணுங்கள். பிறகு ஒருவர் மட்டும் அலுவலரிடம் பேசட்டும். உள்ளே ஆள் உண்டா, எந்த இடத்தில், சிலிண்டர், எண்ணெய் டின், கற்பூரம், தீப்பெட்டிப் பண்டல் எங்கே, பின்வாசல் எது, மெயின் சுவிட்ச் எங்கே என்பதை வரிசையாகச் சொல்லட்டும். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லட்டும்.

சரக்கு போனால் மீண்டும் வாங்கலாம். நாம் தவறாகச் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி உள்ளே போகும் வீரரின் உயிரை வாங்க முடியாது. அந்த ஒருவர் யார் என்பதை இன்றே உங்கள் கடையில் முடிவு செய்து வைக்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.