அழுத்தினால் திறக்குமா, மூடுமா?

மின்னணுப் பலகைகளில் பொருத்தப்படும் சிறுபொத்தானை நாம் நாள்தோறும் எண்ணாமலே அழுத்துகிறோம். கணினித் திரையின் ஓரத்திலும், மின்சோற்றுப் பானையின் முகப்பிலும், பள்ளிகளில் நிரலாக்கம் கற்பிக்கப் பயன்படும் மைக்ரோபிட் பலகையிலும் அது இருக்கிறது. பரவலாகக் கிடைக்கும் வகை 6 மில்லிமீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்டது. இத்துணைச் சிறிய பொருளை விளக்கப் புகும்போது ஆசிரியருக்கு இடர் தருவது பொருளன்று, சொல்லே என்பது நம் கருத்து.

பெயரிலேயே அவ்விடர் தொடங்குகிறது. இலங்கைப் பாடநூல்கள் இவ்வகை உறுப்பை 'ஆளி' என்கின்றன. மின்னோட்டத்தை ஆள்வது என்னும் பொருளில் அது நல்ல ஆக்கம். 'விசை' என்று வழங்குவாரும் உளர். ஆயின் இயற்பியலில் விசை என்பது பொருளைத் தள்ளுவதையோ இழுப்பதையோ குறிக்கும் வேறொரு சொல். 'விசையை அழுத்தத் தேவைப்படும் விசை' என்று எழுதினால் மாணவர் எதைப் பற்றிக்கொள்வார்? ஆகவே இங்கே 'பொத்தான்' என்றே வழங்குவோம். அது போர்த்துக்கீசியத்திலிருந்து நம்மிடம் வந்த சொல். 'பொத்துதல்' என்னும் வினையோடு அதற்குள்ள ஒலி ஒற்றுமையைக் கண்டு மயங்கலாகாது.

பொத்தானின் மூடியை நீக்கிப் பார்ப்போம். அடியில் உலோக முனைகள் பதித்த நெகிழித் தட்டு; அதன்மேல் கவிழ்த்து வைத்த கிண்ணம் போன்ற மெல்லிய உலோகத் தகடு; தகட்டின் உச்சியில் ஒரு சிறு தண்டு. கிண்ணத்தின் விளிம்பு ஒரு முனையை எப்போதும் தொட்டுக்கொண்டிருக்கும். அதன் நடுப்பகுதியோ மற்றொரு முனைக்கு மேலே, தொடாமல் நிற்கும். தண்டை அழுத்தும்போது தகடு முதலில் எதிர்க்கும். ஓர் எல்லையைத் தாண்டியதும் சட்டென உட்குழிந்து நடுமுனையைத் தொடும். அந்நொடியே இரு முனைகளும் இணைகின்றன. விரலை எடுத்ததும் தகடு பழைய வடிவுக்கு மீள்கிறது. தண்டு நகரும் தொலைவு ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். விரலில் உணரும் சிறு துள்ளலும் காதில் விழும் 'டிக்' ஒலியும் தகடு மடங்குவதால் எழுபவை.

இத்தகைய பொத்தானுக்குப் பெரும்பாலும் குறிக்கப்படும் வரம்பு 12 வோல்ட்டு, 50 மில்லி ஆம்பியர். மின்விசிறியை ஓட்டும் மின்னோட்டத்தைத் தாங்குவது அதன் வேலையன்று. 'விரல் அழுத்தியது' என்னும் செய்தியை நுண்கட்டுப்படுத்திக்குத் தெரிவிப்பதே அதன் வேலை. நான்கு கால்கள் இருப்பினும் அவை இரண்டிரண்டாக உள்ளுக்குள்ளேயே இணைந்தவை. சோதனைப் பலகையில் பொத்தானைத் தவறான பக்கமாகத் திருப்பிப் பொருத்தினால், அழுத்தாமலே சுற்று இணைந்துவிடும். குறுக்கெதிர் மூலைகளில் உள்ள இரு கால்களைத் தேர்ந்துகொண்டால் இக்குழப்பம் எழாது.

இனி முதன்மையான இடருக்கு வருவோம். மின்னியலில் சுற்று 'திறந்திருக்கிறது' என்றால் ஓட்டம் இல்லை. 'மூடியிருக்கிறது' என்றால் ஓட்டம் உண்டு. நம் அன்றாடத் தமிழோ இதற்கு நேர்மாறானது. குழாயைத் திறந்தால் நீர் வரும். மதகை மூடினால் வாய்க்கால் வறளும். சிங்கப்பூர், மலேசியச் சூழல் இம்மயக்கத்தை மேலும் வலுப்படுத்துகிறது. மலாய் மொழியில் விளக்கைப் போடச் சொல்வது 'புக்கா லம்பு'. 'புக்கா' என்றால் 'திற'. அணைக்கச் சொல்வது 'துத்துப் லம்பு', அதாவது 'மூடு'. சீனத்தில் 'காய் தெங்' என்பதிலும் திறத்தலைக் குறிக்கும் சொல்லே நிற்கிறது. இவற்றையெல்லாம் கேட்டு வளரும் பிள்ளை 'இயல்பில் திறந்த பொத்தான்' என்று படிக்கும்போது, அழுத்தாத நிலையிலேயே மின்சாரம் ஓடுவதாகக் கொள்வதில் வியப்பென்ன? அதை அறியாமை என்று ஒதுக்குவது முறையன்று. அப்பிள்ளை தானறிந்த மொழிகளை நம்பியிருக்கிறது.

முதல் பாடத்தில் 'இணைத்தல்', 'துண்டித்தல்' என்னும் சொற்களையே கையாளுமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம். 'இயல்பில் துண்டித்த பொத்தான்' என்றால் ஐயத்துக்கு இடமில்லை. 'திறந்த சுற்று' என்பது நூல்களில் வேரூன்றிய வழக்காதலால் அதை விலக்கிவிடவும் இயலாது. அதைக் கற்பிக்கும் நாளில் குழாயை விட்டுப் பாலத்தை உவமை சொல்லலாம். பாம்பன் பாலம் கப்பலுக்காகத் திறந்திருக்கும்போது தொடர்வண்டி கடக்க முடியாது. மின்னோட்டமும் அத்தொடர்வண்டி போன்றதே.

நிரல் எழுதும் மாணவர்க்கு இன்னொரு தலைகீழ் நிலை காத்திருக்கிறது. பொத்தானை அழுத்தாதபோது நுண்கட்டுப்படுத்தியின் உள்ளீட்டு முனை எதனோடும் சேராமல் விடப்பட்டால், அது 0 என்றும் 1 என்றும் மனம்போனபடி படிக்கும். இதைத் தடுக்க அம்முனையை 10 கிலோ ஓம் போன்ற மின்தடையம் ஒன்றின் வழியாக மின்வழங்கியோடு இணைப்பர். பொத்தானின் மறுபக்கம் தரைமுனையோடு சேரும். இவ்வமைப்பில் அழுத்தாதபோது கிடைப்பது 1, அழுத்தும்போது கிடைப்பது 0. 'ஆம்' என்பதற்கு 1 என்று பழகிய மாணவர் இங்கே தடுமாறுவார். 0 என்பது 'இல்லை' என்னும் விடையன்று, அம்முனையில் மின்னழுத்தம் தாழ்ந்திருப்பதன் குறியீடு என்று முன்னரே சொல்லிவைத்தல் நலம்.

'ஒருமுறை அழுத்து' என்னும் தொடரும் பொறிக்கு விளங்குவதில்லை. உலோகம் உலோகத்தைத் தொடும்போது சில மில்லி விநாடிகள் துள்ளித் துள்ளியே நிலைகொள்ளும். நமக்கு அது ஓர் அழுத்தம். விரைந்து படிக்கும் நுண்கட்டுப்படுத்திக்கோ இரண்டு, மூன்று, சிலபோது அதற்கும் மேல். அழுத்தங்களை எண்ணும் நிரலில் விரல் ஒன்று காட்ட, திரை மூன்று காட்டுவது இதனாலேயே. முதல் மாற்றத்தைக் கண்டதும் ஏறத்தாழ 20 மில்லி விநாடி பொறுத்து மீண்டும் படிக்குமாறு நிரலில் எழுதினால் எண்ணிக்கை சரியாகிவிடும்.